நிமிர்த்தி வைத்த எண்ணெய் டிரம்

கதிருக்கு அம்மா சொல்லி எழுதுவது. கை மட்டும் உன் தங்கை பாப்பாவுடையது. எனக்குச் சர்க்கரை கண்ணில் இறங்கிவிட்டது. எழுத்தைப் பார்த்தால் வரிசையாக எறும்பு ஊர்வது போலத்தான் தெரிகிறது. அதனால் நான் பேசுகிறேன், அவள் தன் பள்ளிக்கூடத் தமிழில் அதைத் திருத்தி எழுதுகிறாள். நடுவில் நான் அழுதால் அதை எழுத வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். உன் அப்பா உள்ளே தூங்குகிறார். அவர் இருமும்போதெல்லாம் இவள் தாளை வரலாற்றுப் புத்தகத்துக்கு அடியில் தள்ளிவிட்டு, படிப்பதுபோல உட்கார்ந்துவிடுகிறாள். நீ போன நாளிலிருந்து இந்த வீட்டில் உன் பெயரைச் சொல்லக் கூடாது. நீயும் கைப்பேசி எண்ணை மாற்றிவிட்டாய். செம்பனைப் பழ லோரி ஓட்டுகிற சேகர் மாமா உன்னைப் புக்கிட் செந்தோசாவில் ஒரு பட்டறை வாசலில் பார்த்தாராம். அவரைக் கண்டதும் நீ உள்ளே போய்விட்டாய் என்றார். சனிக்கிழமை மறுபடியும் அந்தப் பக்கம் போகிறார், இதை அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். அவர் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனாலும் போ, தாளை மட்டும் வாங்கிக்கொண்டு போ.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீ பாதியில் மடித்துப் போட்டாலும் இதுவரைக்காவது படித்திருப்பாய். தப்பு நீ டிராக்டருக்குப் போட்ட ரப்பர் சீலில் இல்லை. எண்ணெய் டிரம்மில்தான் தண்ணீர் இருந்தது. உன் அப்பா இன்னமும் அந்த டிராக்டரைத்தான் ஓட்டுகிறார். பிரேக்கை மிதித்தால் அடிவரை போய், கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் பிடிக்கிறதாம். சில நேரம் பிடிப்பதே இல்லை. பழம் கொட்டுகிற ரேம்ப் மேட்டில் டிரெய்லரோடு அதைத்தான் பின்னால் ஏற்றுகிறார். காலையில் உன் தங்கையும் அதன் மட்கார்டில் உட்கார்ந்துதான் பஸ் நிற்கும் இடத்துக்குப் போகிறாள். நீ வந்து பார்க்க வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதம். வருவாய் என்று நான் நம்பவில்லை. நம்பாமல்தான் கூப்பிடுகிறேன்.

உனக்கு நினைவிருக்கும். நாம் வேலை செய்த தோட்டத்தை வீடமைப்புக்காரர்களுக்கு விற்றபோது மற்றவர்கள் எல்லோரும் நட்டஈட்டை வாங்கிக்கொண்டு ஊர் மாறிப் போனார்கள். உன் அப்பா மட்டும் அதற்குப் பதில், தான் ஓட்டிக்கொண்டிருந்த பழைய நீல டிராக்டரைக் கேட்டு வாங்கினார். நாம் இந்தத் தாமான் குடியிருப்புக்குக் குடிவந்த அன்று வீட்டுச் சாமானை எல்லாம் டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு, நீ முன்னால் நின்று கையை ஆட்டிக்கொண்டு வந்தாய். புது அக்கம்பக்கத்துக்காரர்கள் கல்யாண ஊர்வலம் என்று நினைத்து வெளியே வந்து பார்த்தார்கள். கம்பத்துக் கிராமத்து மலாய்க்காரர்களுடைய செம்பனைக் குலைகளை ரேம்புக்கு ஏற்றிக்கொண்டு போவதுதான் அன்றிலிருந்து பிழைப்பு. நீ தொழிற்கல்லூரியில் மெக்கானிக் படிப்பு முடித்து வந்ததும் அவருக்கு இருந்த பெருமை உனக்குத் தெரியாது. உன் முன்னால் காட்ட மாட்டார். கடையில் தேநீர் குடிக்கும்போது கேட்காதவனிடம்கூட, "நம்ம வண்டிய இனிமே வெளியாள் தொட வேண்டியதில்லை லா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். உன்னிடம் சொல்லியிருக்கலாம். அந்த மனிதருக்கு நல்லதைச் சொல்ல வாய் வராது, கெட்டதைச் சொல்ல ஊர் கூடியிருக்க வேண்டும்.

கெட்ட காலம் சுங்கை பஞ்சாங்கில் தொடங்கியது. அங்கே வயல் உழ ஆள் கேட்டார்கள். நீ வேண்டாம் என்றாய். இது மேட்டு வண்டி, சேற்றுத் தண்ணீரில் அச்சு முங்க ஓட்டினால் சீல் வழியாகத் தண்ணீர் உள்ளே போய்விடும் என்றாய். அவர் கேட்கவில்லை, போனார். திரும்பி வந்த மறுவாரம் நீ எண்ணெய் மட்டம் பார்க்கிற கம்பியை உருவி என்னிடம் காட்டினாய். தேன் நிறத்தில் இருக்க வேண்டியது, நுரைத்த தே தாரேக் பால்தேநீர் மாதிரி வெளுத்திருந்தது. கியருக்கும், பின்னால் தூக்குகிற கைக்கும், பிரேக்குக்கும் ஒரே எண்ணெய்தான் ஓடுகிறது, தண்ணீர் கலந்தால் எல்லாமே கொஞ்சம் கொஞ்சமாக அரித்துப்போகும் என்று நீ சொன்னது எனக்கு அப்போது பாதிதான் புரிந்தது. உன் அப்பா கம்பியைப் பார்த்துவிட்டு, அது சூட்டில் வந்த நுரை என்றார். நீ அடுப்படிக்கு வந்து என் தோசைக்கல்லை எடுத்து அடுப்பில் வைத்தாய். கல் காய்ந்ததும் அந்த எண்ணெயில் ஒரு சொட்டு விட்டாய். கடுகு தாளித்தது போலச் சடசடவென்று வெடித்தது. "நல்ல எண்ணெய்னா சும்மா புகையும்பா. தண்ணி இருந்தாத்தான் இப்படிக் கத்தும்" என்றாய். அவர் அப்போதும் சிரித்தார். ஆனால் உன்னைச் சீல் மாற்ற விட்டார். எனக்கு வண்டியைவிடக் கல்தான் பெரிதாகப் போயிற்று. இத்தனை வருடமாகப் பழக்கிய கல், அன்றைக்குப் பிறகு எவ்வளவு தேய்த்தும் தோசையில் டீசல் வாடை. அதற்காக உன்னை எத்தனை நாள் திட்டினேன் என்று நீ மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை.

சீல் போட்டாய், பழைய எண்ணெயை வடித்தாய், பின்கட்டில் இருந்த டிரம்மிலிருந்து புது எண்ணெய் ஊற்றினாய். சில வாரங்களில் மறுபடியும் வெளுத்தது. மறுபடி எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தாய். சீல் சரியாக இருக்கிறதே என்று நீயே உன் மேல் சந்தேகப்பட்டுக்கொண்டு இரவெல்லாம் வண்டிக்கு அடியில் கிடந்தாய். சாப்பிடக் கூப்பிட்டால் உன் கால் மட்டும் அசையும். வடித்தாய், அதே டிரம்மிலிருந்து ஊற்றினாய். மறுபடி வெளுத்தது. தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று வண்டி முழுக்கத் தேடினாயே, அது நீ ஊற்றுகிற எண்ணெயோடுதான் வருகிறது என்று நமக்கு யாருக்கும் தோன்றவில்லை.

அந்த டிரம்மை நீ எப்படி வைத்திருந்தாய் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். இரண்டு பலகையைப் போட்டு அதன் மேல் படுக்க வைத்து, மூடி இரண்டும் ஒரே மட்டத்தில் எண்ணெய்க்குள் முங்கியிருக்கும்படி உருட்டிச் சரிபார்த்துக் கட்டை கொடுத்தாய். எதற்கு இவ்வளவு பாடு என்று கேட்டேன். "டிரம்மும் மூச்சு விடும்மா" என்றாய். வெயிலில் உள்ளே இருக்கிற காற்று விரிந்து வெளியே போகும், சாயங்காலம் மழை பெய்து தகரம் குளிர்ந்ததும் உள்ளே இழுக்கும், நிமிர்த்தி வைத்தால் மேலே தேங்கி நிற்கிற மழைத் தண்ணீரை மூடி இடுக்கு வழியாக உறிஞ்சிவிடும், மூடி எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் உறிஞ்சும் என்றாய். நான் வெங்காயம் உரித்துக்கொண்டே தலையாட்டினேன்.

பிறகு, சுங்கை பஞ்சாங் வேலைக்கு முன்னாலேயே, பாப்பாவுக்குச் சடங்கு வைத்தோம். நீ கிள்ளானில் ஒரு வேலையாய் இருந்தாய், சாயங்காலம்தான் வந்து சேர்ந்தாய். பின்கட்டில் சமையல்காரர்களுக்குக் கூடாரம் போட வேண்டும், டிரம் குறுக்கே படுத்திருந்தது. நான்தான் சொன்னேன், அதை நிமிர்த்தி ஓரமாகத் தள்ளுங்கள் என்று. நாலைந்து பேர் சேர்ந்து நிமிர்த்தி, கூரைத் தண்ணீர் சொட்டுகிற மூலையில் வைத்தார்கள். சுபகாரியத்துக்கு எண்ணெய் டிரம் கண்ணில் படக் கூடாது என்று அதைச் சுற்றி மாவிலை கட்டிய துணியை வேறு போட்டேன். விருந்து முடிந்து, கூடாரத்தைப் பிரித்து, பாத்திரம் எல்லாம் போய்ச் சேர்ந்தது. டிரம் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. படுத்திருந்ததற்கு நீ குழாய் வைத்திருந்தாய். நிமிர்ந்த பிறகு கைப் பம்பை விட்டு அடியிலிருந்து இறைப்பது உன் அப்பாவுக்குச் சுலபமாக இருந்ததால் அப்படியே இருக்கட்டும் என்றார். நீயும் பார்த்தாய், முகம் சுளித்தாய், அன்றைக்கு ரேம்பில் வண்டி நின்றுபோயிருந்த அவசரத்தில் ஓடிவிட்டாய். தண்ணீர் அடியில்தான் தங்கும். பம்பு அடியிலிருந்துதான் இறைக்கும்.

உனக்கு இன்னொன்று சொல்கிறேன். அந்த டிரம்மின் தலையில் மழைத் தண்ணீர் தேங்கி நிற்கும். காலையில் இரண்டு மைனா வந்து அதில் குளிக்கும். நான் பாத்திரம் கழுவிக்கொண்டே அதை வேடிக்கை பார்ப்பேன். எனக்கு மங்கலாகத்தான் தெரியும், ஆனாலும் இறக்கை அடிப்பது தெரியும். மழை பெய்த மறுநாள் நிறையத் தண்ணீர் இருக்கும், அதற்கு மறுநாள் ஒன்றும் இருக்காது. வெயிலில் காய்ந்துவிட்டது என்று நினைத்தேன். மைனாவுக்குத் தண்ணீர் இல்லையே என்று ஒரு நாள் குவளையில் மொண்டு நானே ஊற்றினேன்.

ரேம்பில் நடந்தது நீ சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை, எல்லோரும் வந்து சொன்னார்கள். பாரத்தோடு மேட்டில் பின்னால் ஏற்றும்போது பிரேக் பிடிக்கவில்லை. வண்டி முன்னால் உருண்டு இறங்கி, பக்கத்தில் நின்ற வங்காளதேசப் பையனை உரசிக்கொண்டு போய்த் தூணில் இடித்தது. அவன் பிழைத்ததே பெரிய காரியம். உன் அப்பா பயந்துபோயிருக்கிறார். அதை மறைக்கத்தான் அத்தனை பேர் முன்னால் உன்னை அடித்தார். "படிச்ச மெக்கானிக் லா இவன். ஒரு சீல் ஒழுங்காப் போடத் தெரியாது" என்றாராம். நீ சீலைக் கழற்றிக் காட்டுகிறேன் என்றாய். "இனிமே என் வண்டியில கைய வச்ச, கைய ஒடிச்சிடுவேன்" என்றார். அதற்கு நீ சொன்னாயே, "வைக்க மாட்டேன்பா. நீங்க அதுக்கு அடியிலேயே செத்தாலும் வைக்க மாட்டேன்" என்று. அந்தச் சொல்லை அவர் வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்லவில்லை. சேகர் மாமாதான் சொன்னார். உன் அப்பா அன்று சாப்பிடாமல் படுத்தவர், சுவர்ப் பக்கம் திரும்பியே கிடந்தார்.

நான் என்ன செய்தேன் என்பதையும் எழுதச் சொல்கிறேன், பாப்பா தயங்குகிறாள். நீ துணியைப் பையில் அடைத்துக்கொண்டிருந்தாய். நான் வாசலில் நின்று உன்னைத் தடுத்திருக்க வேண்டும். "என் தோசைக்கல்லையும் கெடுத்தே, அவரு வண்டியையும் கெடுத்தே. உன் கை விளங்காத கை" என்றேன். நீ நிமிர்ந்து பார்க்கவில்லை. கையை மட்டும் திருப்பிப் பார்த்துக்கொண்டாய். அவர் அடித்தபோது பதில் பேசினாய், நான் சொன்னதற்குப் பேசவில்லை. அன்றிலிருந்து எனக்குத் தெரியும், நீ போனது அவர் அடித்ததால் இல்லை.

தெரிந்துகொண்டது போன வாரம்தான். அவர் மறுபடியும் தானே எண்ணெய் மாற்றினார். மறுபடியும் வெளுத்தது. நீ இல்லை, உன் கை படவில்லை, அப்படியானால் யார் கை என்று எனக்கு முதல் தடவையாகத் தோன்றியது. அந்தப் பழைய கல்லை நான் தூக்கிப்போடவில்லை. அவர் வேலைக்குப் போன பிறகு அடுப்பில் வைத்தேன். பாப்பாவை டிரம்மிலிருந்து கொஞ்சம் எண்ணெய் எடுத்து வரச் சொன்னேன். வண்டியிலிருந்து இல்லை, டிரம்மிலிருந்து. ஒரு சொட்டு விட்டேன். கத்தியது. பக்கத்திலேயே நாம் சமைக்கிற எண்ணெயில் ஒரு சொட்டு விட்டேன், அது சத்தமில்லாமல் புகைந்தது. இதற்குக் கண் வேண்டியதில்லை கதிர், காது போதும். இருபது வருடத்துக்கும் மேலாக ஒவ்வொரு நாளும் அடுப்பில் கேட்கிற சத்தம். நீ அன்றைக்கு அதைத்தான் என் அடுப்பில் வைத்து எனக்குக் காட்டினாய். நான் கல்லை மட்டும்தான் பார்த்தேன்.

அன்று சாயங்காலமே அவரிடம் சொன்னேன். டிரம்மில்தான் தண்ணீர், நிமிர்த்தச் சொன்னது நான்தான், பையன் சீல் சரியாகத்தான் போட்டிருக்கிறான் என்றேன். பையன் என்ற வார்த்தையிலேயே எழுந்துவிட்டார். அவனுக்கு வக்காலத்து வாங்க நீ டிரம்மைப் பிடித்துக்கொண்டாயா என்றார். மறுநாள் காலையில் வழக்கம்போல வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். இப்போது குலை நிறைய விழுகிற காலம், அறுத்துப் போட்டதை ஏற்றாவிட்டால் அழுகிவிடும், கம்பத்து ஆட்கள் வேறு வண்டியைத் தேடிக்கொள்வார்கள். வண்டியைப் பிளந்து பிரேக் தட்டையெல்லாம் மாற்ற வேண்டும் என்று நீ அப்போதே சொன்னாய். அந்த வயது வண்டியைத் தொட இந்தப் பக்கம் யாரும் முன்வரவில்லை. தினமும் அந்த வண்டிச் சத்தம் திரும்பி வரும்வரை நான் அடுப்படியிலேயே நிற்கிறேன். சத்தம் வந்ததும் உட்காருகிறேன். இதுதான் இப்போது என் நாள்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, ஆனாலும் தாய் என்றால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உனக்கும் ஒருத்தி வருவாள், பிள்ளை பிறக்கும். அவன் ஏதாவது காட்ட உன் பொருளைக் கெடுத்தால், கெட்ட பொருளைப் பார்க்காதே, அவன் காட்டுவதைப் பார். நீ சொல்வதைக் கேட்க வேண்டியவர்கள் முதல் தடவை கேட்காவிட்டால் வெறுத்து விலகிவிடாதே, அவர்கள் வெங்காயம் உரித்து முடித்த பிறகு இன்னொரு தடவை சொல். அப்பாவைப் போலப் பெருமையை ஊருக்கும் கோபத்தைப் பிள்ளைக்கும் கொடுக்காதே. நல்ல சாப்பாடு சாப்பிடு. உன் கையைப் பற்றி நான் சொன்னதை அழிக்க எனக்கு வழி தெரியவில்லை. இந்த வண்டியைத் தொட அந்தக் கை ஒன்றுதான் இருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன். அவரை மன்னிக்க வேண்டாம், என்னோடும் பேச வேண்டாம். அவர் வண்டியை விட்டுவிட்டு வெளியே போயிருக்கிற நேரத்தில் வந்து வண்டியைப் பார்த்துவிட்டுப் போய்விடு. வாசல் பக்கம்கூட நான் வரமாட்டேன்.

அம்மா.

அண்ணா, இனி எழுதுவது நான். அம்மா தூங்கப் போய்விட்டார். நான் தாளை மடித்து ஒட்டிவிட்டதாகச் சொன்னேன், இன்னும் ஒட்டவில்லை. அம்மாவுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது.

நேற்று அம்மா கோயிலுக்குப் போயிருந்தார். நான் பள்ளி முடிந்து பின்பக்கமாக வந்தேன். அப்பா அடுப்படியில் நின்றுகொண்டிருந்தார். அந்தப் பழைய கல் அடுப்பில் இருந்தது. அவர் கையில் ஒரு கரண்டி. டிரம் எண்ணெயைச் சொட்டு சொட்டாக விட்டுக்கொண்டிருந்தார். ஒரு சொட்டு போதும், ஆனால் அவர் நிறுத்தவில்லை. ஒவ்வொன்றும் வெடித்தது. கடைசியில் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் என்னைப் பார்த்தார். கத்துவார் என்று பயந்தேன். கத்தவில்லை. "அவன் எங்க இருக்கான்னு தெரியுமா பாப்பா?" என்று கேட்டார்.

நீ இருக்கும் இடத்தை யாரிடமும் சொல்லாதே என்று அம்மா சத்தியம் வாங்கியிருந்தார். எனக்கு அப்பா கையைப் பார்த்தால் பயம் அண்ணா, அந்தக் கைதான் உன்னை அடித்தது. சோதிப்பதற்குத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். "தெரியாதுப்பா" என்றேன். சரி என்று தலையாட்டினார். எழுந்து கல்லைத் தேய்த்துக் கழுவி, அம்மா வைக்கிற இடத்திலேயே வைத்தார். அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றார்.

இவர்கள் இரண்டு பேரும் ஒருவர் தெரிந்துகொண்டதை மற்றவரிடம் மறைத்துக்கொண்டு ஒரே வீட்டில் படுத்திருக்கிறார்கள். நடுவில் நான் மட்டும் விழித்திருக்கிறேன். காலையில் அப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். நேற்று இரவும் இப்படித்தான் நினைத்தேன். விடிந்ததும் வாய் திறக்கவில்லை. நாளைக்கும் திறக்காது என்று எனக்கே தெரிகிறது.

இன்று காலை நான் வழக்கம்போல மட்கார்டில் ஏறப் போனேன். அப்பா கையை நீட்டித் தடுத்தார். "இனிமே நீ நடந்தே போ பாப்பா. கொஞ்சம் முன்னாடியே கிளம்பிடு" என்றார். அம்மா அடுப்படியில் இருந்தார், நான் இன்னும் வண்டியில்தான் போகிறேன் என்று நினைத்திருக்கிறார். அப்பா வண்டியைக் கிளப்பினார்.

நான் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு ஓரமாக நடந்தேன். அவர் என்னைத் தாண்டி மெதுவாகப் போனார். வளைவு வரும்வரை திரும்பிப் பார்க்கவே இல்லை. நான் உட்காருகிற இடத்தில் மடித்த கோணிச் சாக்கு அப்படியே கிடந்தது. ஏறிப் போனது அவர் மட்டும்தான்.